நடுங்கிய கோட்டுகள்

கத்திரி வெயில் தொடங்கிய அன்று, கள்ளக்குறிச்சியில் தியாகதுருகம் சாலையிலிருந்த முஹ்சினாவின் தையல் கொட்டகையில், ராணுவத்துக்காகத் தைத்து மாட்டியிருந்த குளிர்கோட்டுகள் நடுங்கத் தொடங்கின. காலையில் ஒன்று நடுங்கியது. மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாமே நடுங்கின. பொத்தான்கள் உரசிய சத்தத்தில் பக்கத்து மாவு மில்காரர் தன் மோட்டார்தான் கெட்டுவிட்டதென்று நிறுத்திப் பார்த்தார். அந்த வாரம் மரவள்ளிக்கிழங்கு விலை இறங்கியிருந்ததால் ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

டெண்டர் எடுத்தது வெளியூர்க் கம்பெனி. தைக்கும் வேலையில் ஒரு பங்கு முஹ்சினாவுக்கு வந்திருந்தது. துணி, நூல், ஜிப், உள்ளே வைக்கும் பஞ்சு எல்லாம் இந்த நாட்டு மில்லில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. மில் பஞ்சு தாமதமானபோது, புரோக்கர் தனசேகரன் எங்கிருந்தோ ஒரு லோடு கொண்டுவந்து இறக்கினார். சுருள்களில் லேபிள் வெட்டப்பட்டிருந்ததை அவள் பார்த்தாள். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்காமல் இருந்துவிட்டாள்.

சோதனைக்கு வந்த அதிகாரி, ஆளுக்கொரு கையாக இரண்டு பெண்கள் கோட்டைப் பிடித்துக்கொள்ள, தையலை இழுத்துப் பார்த்தார். நடுங்குவது குறை என்று விதியில் எங்கும் இல்லை என்றார். கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். லாரி வந்து நின்றது. கோட்டுகளைப் பெரிய மூட்டைகளாக, பேல்களாகக் கட்டி ஏற்றத் தொடங்கினார்கள்.

"பேல் கட்டிட்டா சத்தம் கேக்காதும்மா. பனியில எல்லாந்தான் நடுங்கும், இத யாரு தனியா பாக்கப்போறான்?" என்றார் தனசேகரன்.

வடக்கனந்தலிலிருந்து வேலைக்கு வரும் பெரியம்மாள் பேலைத் தூக்காமல் நின்றாள். "காய்ச்சக்காரன் கூட இப்பிடி நடுங்கமாட்டான். இன்னாத்த வெச்சித் தச்சோம் நாம?"

முஹ்சினா ஒரு கோட்டை உருவி மாட்டிக்கொண்டாள். கழுத்து வேர்வை சட்டென்று உறைந்தது. அந்த வெயிலில் அவள் மூச்சு புகையாக வந்தது. நகங்கள் நீலமாயின. கோட்டுக்குள் தன்னோடு இன்னொருவன் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. கால் மாற்றிக் கால் மாற்றி, உட்கார்ந்தால் எழ முடியாது என்ற பயத்தில், அவன் விடியலுக்காகக் காத்திருந்தான். அவன் யாரையும் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பெரியம்மாள் கோட்டைப் பிய்த்துக் கழற்றிய பிறகும் பற்கள் அடித்துக்கொண்டேயிருந்தன.

"எறக்குங்க," என்றாள் முஹ்சினா.

"தேதி தாண்டிடும். அடுத்த தபா ஒரு பீஸ் கூட தரமாட்டான்மா."

"தர வேணாம். எறக்குங்க."

லேபிள் இல்லாத பஞ்சைப் பற்றிக் கம்பெனிக்கு அவளே போன் போட்டுச் சொன்னாள். அவர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். தையல்களைப் பிரித்து, மில் பஞ்சு வந்தபின் பெண்கள் திரும்பத் தைத்தார்கள். பஞ்சு மாறிய கோட்டுகள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசிக் கோட்டும் அடங்கியதும் மாவு மில்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா, கரண்டு போச்சா?" என்று கேட்டார்.

சரக்கு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த டெண்டரில் அவளுக்குப் பங்கில்லை. பள்ளிச் சட்டையும் ஆஸ்பத்திரிப் போர்வையும் தைத்துக் கொட்டகை ஓடியது. சில பெண்கள் கரும்பு வெட்டத் திரும்பிப் போனார்கள். இரண்டு வருஷம் கழித்துக் கம்பெனி தானாகவே கோட்டு வேலையோடு வந்தது. ஏனென்று அவர்கள் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் சில மதியங்களில், வெளியே தார் உருகும் வேளையில், கொட்டகைப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். ஊசி பிடிக்க வராது. "அங்க எல்லையில பனி கொட்டிக்கினு இருக்குது," என்பாள் பெரியம்மாள். முஹ்சினா எழுந்துபோய் மின்விசிறிகளை நிறுத்துவாள். கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு, அவர்கள் மறுபடியும் மிஷின் முன்னால் உட்காருவார்கள்.