பட்டாபி நிரப்பிய டப்பா

பட்டாபிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், சுவரிலிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டர் மேக்னா அவன் மனைவி பிரியம்வதாவின் ரிப்போர்ட்டை இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

துறைமுக ஆபீஸில் பட்டாபியைப் போல ஒழுங்கானவன் கிடையாது. மனைவிக்கு லூபஸ், உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய், என்று தெரிந்த நாள் முதல், ஞாயிறுதோறும் அவள் மாத்திரை டப்பாவை அவன்தான் நிரப்புவான். ஒழுங்கோடு கொஞ்சம் மூளையும் இருந்திருக்கலாம். பவானிபூரில் அவர்கள் கட்டடத்திலேயே இரண்டு பேருக்கு டெங்கு வந்ததும் மனுஷன் பயந்துபோய் அவள் மாத்திரைப் பெட்டியைக் குடைந்தான். மாத்திரையோடு வந்த தாளைப் படித்தான். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்று போட்டிருந்தது. டெங்கு நேரத்தில் இதை யாராவது கொடுப்பார்களா? ஐந்து வாரமாக அதே மஞ்சள் நிறத்தில் வைட்டமினை மாற்றி வைத்தான். அவளிடம் மூச்சு விடவில்லை.

இப்போது அவள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறாயா என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஒரு வேளைகூடத் தப்பியதில்லை, எல்லாம் இவர் பொறுப்பு என்று பிரியம்வதா பெருமையாகச் சொன்னாள்.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினாள். கிருமியைக் கண்டால் வெள்ளையணுக்களில் ஒரு வகை தன் டிஎன்ஏவையே வலையாக வீசிப் பிடிக்கும். லூபஸில் அந்த வலை வேண்டாதபோதும் விழும், விழுந்தது சரியாக அகலவும் அகலாது என்றாள். உடம்பு அந்த வலையையே பகையென்று தாக்குமாம். அந்தச் சண்டையின் குப்பை சிறுநீரகத்தில் போய்த் தங்குமாம். மாத்திரைக்கும் அடங்கவில்லையென்றால் கடுமையான ஊசிதான். அதற்குப் பிறகு குழந்தை பிறப்பது சந்தேகம்.

பிரியம்வதா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைக்காகத்தான் அவள் இத்தனை மாத்திரையையும் முகம் சுளிக்காமல் விழுங்கினாள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய், சரியான மாத்திரையைப் போட்டுவிடலாமா என்றுகூட அந்தப் பாவி நினைத்தான். டாக்டர் பேனாவைத் திறந்தாள்.

"எழுதாதீங்கோ. அவ அதைச் சாப்பிடவே இல்லை. டெங்குக்குப் பயந்து நான்தான் மாத்தி வெச்சேன்."

பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டான். டாக்டருக்குப் புரியவில்லை. பிரியம்வதாவுக்குப் புரிந்தது. அவன் பக்கம் திரும்பாமலே அதை அவள் ஆங்கிலத்தில் டாக்டருக்குச் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல்.

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஊசி இப்போது வேண்டாம், மாத்திரையை இன்றே தொடங்கி இரண்டு வாரத்தில் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பிரியம்வதா கையை நீட்டினாள்.

"டப்பாவைக் குடுங்கோ."

"உன்னைக் காப்பாத்தணும்னுதான்..."

"தெரியும். இதுக்கு டெங்குவே தேவலை."

அவன் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தான். அவள் அதைத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.