கிளட்சில் செருகிய வெள்ளை நூற்கண்டு

மார்ச்சு ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. இரவு பெய்த மழை ஓய்ந்து, காலை வெயில் இதமாகக் காய்ந்தது. பதினொன்றரை மணிக்குத் தையற்காரிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் தேர்வு. முன்பு இருமுறை தோற்றிருந்தாள். இருமுறையும் கிளட்சை வெடுக்கென விட்டதனால் வண்டி துள்ளி நின்றது. இம்முறையும் தோற்றால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

அதனால் அவளது இடக்கை ஓயாமல் பயிற்சி செய்தது. குடைக்காம்பு, கதவுப்பிடி, கணவனின் மணிக்கட்டு என அகப்பட்டதையெல்லாம் அமுக்கியது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இரா என்பர். அவ்வரிசையில் அமுக்கிய கையையும் சேர்க்கலாம்.

வண்டி, செவிலியான நாத்தனாருடையது. அவள் ஏழு மணிக்கே முற்றத்தில் அமர்ந்து முன் ஸ்ப்ராக்கெட்டின் மூடியைக் கழற்றிவிட்டாள். செயினை இழுக்கும் அப்பல்சக்கரத்தைச் சுற்றி ஈராண்டுப் புழுதியும் எண்ணெயும் கறுப்புக் களியாக இறுகிக் கிடந்தன. மூடியோடு கிளட்சின் சிறிய உருளையும் கழன்று தொங்கியது. அதனுள் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் நகரும் ஒரு பிஸ்டன். இந்நிலையில் கிளட்சை அமுக்கினால், தடுப்பார் இன்றி அது வெளியே பாய்ந்துவிடும். ஆகவே கிளட்சுக்கும் கைப்பிடிக்கும் இடையே ஒரு நூற்கண்டைச் செருகியிருந்தாள்.

"அண்ணி, உங்க கை இந்தப் பக்கமே வரக்கூடாது."

"ஏன், என்ன திருட்டுக் கையா?"

"திருட்டுக் கைன்னா கூட நம்பலாம்."

எட்டு மணிக்குத் தையற்காரியின் சட்டைக்கையில் பொத்தான் தொங்கியது. வெள்ளை நூலைத் தேடினாள், பெட்டியில் இல்லை. முற்றத்தில் எட்டிப் பார்த்தால், அது கிளட்சில் குந்தியிருந்தது. நாத்தனாரோ துணி எடுக்க உள்ளே சென்றிருந்தாள். நூல் வேண்டும் என்ற ஒரே நினைவில் தையற்காரி வலக்கையால் கண்டை உருவினாள். இடக்கை, தன் கடமை தவறாது, அமுக்கியது.

'ப்ளக்' என்ற ஓசையுடன் பிஸ்டன் பாய்ந்து பூந்தொட்டியடியில் உருண்டது. பிரேக் ஆயில் சொட்டியது.

திரும்பி வந்த நாத்தனார் முதலில் அவள் கையிலிருந்த கண்டைப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா வேற நூல் தந்திருப்பேனே, அண்ணி."

"எங்கிட்ட கேட்டுட்டா நீ இதை எடுத்த?"

நாத்தனார் வாளியை எடுத்தாள். பெயின்ட்டை ஆயில் அரிக்குமுன் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பிஸ்டனையும் அதன் ரப்பரையும் துடைத்து மீண்டும் பொருத்தினாள். பல்சக்கரத்தின் களியை மண்ணெண்ணெயில் தோய்த்த பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து மூடியையும் முடுக்கினாள். ஊசிக்குழாயால் கைப்பிடியின் மேலிருந்த ஆயில் கிண்ணத்தில் புது ஆயிலை நிரப்பினாள்.

"உள்ள காத்து புகுந்திருக்கு. அதை வெளியேத்த ரெண்டு பேர் வேணும். இப்ப உங்க கைக்கு வேலை வந்திருக்கு. பிடிங்க."

தையற்காரி கிளட்சைப் பிடித்தாள். நாத்தனார் கீழே உருளையின் திருகாணியைத் தளர்த்தினாள்; குமிழிகள் வெளியேறின; இறுக்கினாள்.

"விடுங்க."

வெடுக்கென விட்டாள். கிண்ணத்திலிருந்து ஆயில் பீய்ச்சி அவளுடைய சட்டைக்கையையே நனைத்தது.

"பாத்தீங்களா, கிண்ணமே துப்புது. முட்டையைத் தரையில வைக்கிற மாதிரி விடுங்க."

பிடித்தாள், விட்டாள். பத்தாம் முறையும் துப்பியது. இருபதாம் முறை முணுமுணுத்தது. நாற்பதாம் முறை ஆயில் அசையவேயில்லை. கொழகொழத்துக் கிடந்த கிளட்சும் விறைப்பாயிற்று.

"இதுக்குத்தான் பிஸ்டனைத் தள்ளிவிட்டேன்னு வச்சுக்கோ" என்றாள் தையற்காரி.

"வச்சுக்கறேன். முதல்ல சட்டையை மாத்துங்க."

பதினொன்றரைக்குத் தேர்வு தொடங்கியது. தேர்வாளர் கையசைத்ததும் தையற்காரி முட்டையை நினைத்துக்கொண்டாள். வண்டி நீரில் படகு நகர்வதுபோல் நகர்ந்து, கூம்புகளைச் சுற்றி வந்து, கோட்டருகே நின்றது. தேர்வாளர் தாளில் கையொப்பமிட்டார்.

வீடு திரும்புகையில் நாத்தனார் முதன்முறையாகப் பின்னிருக்கையில் அமர்ந்தாள். முதல் வளைவிலேயே அண்ணியின் இடத்தோளை இறுகப் பற்றினாள்.

"பிடிச்சது போதும், விடு. முட்டை வைக்கிற மாதிரி, மெதுவா."

"வீடு வரட்டும், அண்ணி."

அத்தோள் விடுதலை பெற்றது வீட்டு வாசலில், சரியாகப் பன்னிரண்டு மணி பதினேழு நிமிடத்துக்கு.