சுண்ணாம்பில் அலசிய அரிசி

கண்ணாடிக் குழாயில் இருந்த மருந்து பச்சையாக மாறியதும், "நல்ல அரிசிதாம்மா இது, புதுசு" என்றாள் லீலாவதி. செங்கமலத்துக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

அரியலூரில் அரசாங்க அரிசிக் கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்தது அந்தப் பரிசோதனை அறை. லீலாவதி அங்கே வேலை பார்ப்பவள். செங்கமலம் கொண்டுவந்த அரிசியை வெள்ளைத் தட்டில் பரப்பி, இடுக்கியால் கல், குறுணை, பழுப்பு என்று தனித்தனியாக ஒதுக்கிச் சின்னத் தராசில் நிறுத்தாள். ஒதுக்குவதற்கே ஒன்றும் பெரிதாக இல்லை. பிறகுதான் கொஞ்சம் அரிசியைக் குழாயில் போட்டு மருந்தை ஊற்றிக் குலுக்கினாள். பழைய அரிசி உள்ளுக்குள் புளித்திருக்கும், மருந்து மஞ்சளாகிவிடும், புது அரிசி என்றால் பச்சை காட்டும் என்று முன்னமே சொல்லியிருந்தாள்.

செங்கமலம் மஞ்சளை எதிர்பார்த்துத்தான் விக்கிரமங்கலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். சத்துணவு வந்த மறுவருஷம் அது. காலனித் தெருக்காரியான அவள் பள்ளிக்கூடத்து அடுப்பில் துடுப்புப் போடுவது மேலத்தெருவில் முதல் நாளிலிருந்தே பலருக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. போன வாரம் பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுத்ததும் அந்த முள்ளுக்கு வாய் வந்துவிட்டது. அரிசியில குத்தமில்ல, ஆக்குன கையிலதான் குத்தம் என்றார்கள். சத்துணவு அமைப்பாளர் வைத்திலிங்கமும் அதையே மேலே எழுதிப் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை விசாரணை. அரிசி நல்லது என்று ஆகிவிட்டால் அவள் வேலை போகும். அதோடு விடுவார்களா? அவள் தெருவிலிருந்து இனி ஒருத்தியும் அந்த அடுப்பங்கரை வாசலை மிதிக்க முடியாது.

"என்னங்கம்மா பச்சைங்கிறீங்க? மூட்டையப் பிரிச்சா நாத்தம் கொடலப் புடுங்குது. வண்டு சாரசாரையா ஓடுது!"

"இதுல ஒரு வண்டுகூட இல்லையேம்மா. வாடையும் இல்ல."

"எப்படி இருக்கும்? பொடைச்சு, கல்லு பொறுக்கி, சுண்ணாம்புத் தெளிவுல ரெண்டு தரம் அலசி, ஒணத்தியில்ல கொண்டாந்திருக்கேன். ஆபீசருங்க மூஞ்சிக்கு நேரா நாறுன அரிசிய நீட்டுவாங்களா யாராச்சும்?"

லீலாவதியின் கை அப்படியே நின்றது. "சுண்ணாம்பா?"

தோண்டிய இடமெல்லாம் சுண்ணாம்புக்கல் கிடைக்கிற சீமை அது. ரெட்டிபாளையத்தில் அதை அரைத்துச் சிமெண்டாக்கினார்கள் என்றால், செங்கமலத்தின் தெருவில் பானையில் கரைத்துத் தெளிய வைத்துச் சிக்கு வாடை அடிக்கிற அரிசியை அலசினார்கள். விருந்தாளி வந்தால் அந்தத் தெருவில் எல்லாரும் செய்வதுதான். மூட்டைக் கணக்கில் உலையில் போடும் அரிசிக்கு அப்படிச் செய்யக் குடம் குடமாகத் தண்ணீருக்கு எங்கே போவது? சோதனைக்குக் கொடுக்கிற இரண்டு படிக்குச் செய்யலாம். செய்தாள்.

"சுண்ணாம்பு புளிப்பை முறிச்சிடும்மா. மருந்து பாவம், அதுக்கென்ன தெரியும். பச்சையத்தான் காட்டும்" என்று மெதுவாகச் சொன்னாள் லீலாவதி. "கல்லும் நீங்களே பொறுக்கிட்டீங்க. இனிமே இந்த அரிசிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

தன் கையே தன் வாயில் மண்ணள்ளிப் போட்டுவிட்டதா என்று ஒரு கணம் செங்கமலம் நினைத்தாள். அடுத்த கணம் வைத்திலிங்கத்தின் குரல் காதில் கேட்டது. 'நீயே கொண்டு போ செங்கமலம், அப்பதான் நம்புவ. பெரிய மனுசங்க பாக்குறது, சுத்தபத்தமா கொண்டு போ.' சொல்லும்போது அவர் சிரித்ததும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சோதனைக்கு மாதிரி எடுக்க வேண்டியது யாருங்கம்மா? நானா?"

லீலாவதி தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நாங்கதான் நேர்ல வந்து மூட்டையைக் குத்தி எடுக்கணும். ஜீப்பு ரிப்பேரு. கொடுத்தனுப்புறேன்னு அமைப்பாளரு போன்ல சொன்னாரு, சரின்னுட்டோம்."

"நான் மட்டும் ஜீப்புலயா வந்தேன்? பஸ்ஸுக்காரன் ஒங்கள ஏத்த மாட்டேன்னானா? புள்ளைங்க வாந்தி எடுத்து சுருண்டு கெடந்துச்சுங்க. ஒங்களுக்கு ஜீப்பு ரிப்பேரு!" பக்கத்து அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. அவள் குரலை இறக்கவில்லை. "குத்தம் எங் கையிலன்னு சொல்ல மட்டும் எல்லாருக்கும் வண்டி கெடைக்குது."

லீலாவதி குழாயைக் கவிழ்த்துப் பச்சைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். "நாளைக்கு மத்தியான பஸ்ஸுக்கு வரேன். அந்த மூட்டை மாறாம இருக்கணும். மாறிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மறுநாள் செங்கமலம் போய்ச் சேரும்போதே பள்ளிக்கூட வாசலில் வண்டிக்காரன் கருப்பண்ணனின் மாட்டுவண்டி நின்றது. வண்டியில் புது மூட்டைகள். வைத்திலிங்கம் உள்ளே நின்று பழையதைத் தூக்கச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே போய்ப் பழைய மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"எந்திரிடி. போன் போட்டுக் கேட்டேன். பச்சை வந்துடுச்சாமே, நல்ல அரிசின்னு. அப்புறம் என்ன கூத்து?"

"நல்ல அரிசின்னா எதுக்கு சார் மாத்துறீங்க?"

வைத்திலிங்கம் மூட்டையைத் தூக்கும்படி கருப்பண்ணனுக்குக் கண் காட்டினார். கருப்பண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏத்தா, மூட்டையோட ஒன்னையும் சேத்துத் தூக்கி வண்டியில போட்டுறவா?" என்றான்.

"போடு. நேரா அரியலூருக்கு ஓட்டு. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

அவன் சிரித்துவிட்டான். வைத்திலிங்கம் முறைத்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போனான். இதற்கு வேலையைவிட்டே தூக்குவேன், இனி ஒங்க தெருவுல ஒருத்தி உள்ள வரமாட்டா என்று வைத்திலிங்கம் கத்தினார். "அதத்தான் எப்பவோ முடிவு பண்ணிட்டீங்களே" என்றாள் செங்கமலம். கூட வேலை செய்யும் கொளஞ்சியம்மாள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பற்றவைப்பதா வேண்டாமா என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

மணியடித்தது. பிள்ளைகள் தட்டுகளோடு வந்து வாசலில் நின்றார்கள். ஒருத்தன் தட்டில் தாளம் போட, அடுத்தடுத்து எல்லாரும் போட்டார்கள். ரோட்டில் லீலாவதி வர வேண்டிய பஸ்ஸின் சத்தம் இன்னும் கேட்கவில்லை. உடம்பின் கனத்திலும் சூட்டிலும் சாக்கின் இழைகளுக்குள்ளிருந்து கறுப்பு வண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவள் புடவைக் கொசுவத்தில் ஏறின, முழங்கையில் ஏறின. அவள் ஒன்றைக்கூடத் தட்டிவிடவில்லை.