ரமேஷ்குமாரின் கால் படாத இடங்கள்

ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை டீ குடிக்கிற நேரத்தில், ரமேஷ்குமாரின் கால் படாத இடமெல்லாம் கறுத்துப் போனது. மஞ்சூர் பஜாரில் அவருடைய கடை, பஸ் நிற்கிற இடம், எதிரே வடிவேலின் டீக்கடை, வீட்டுக்கு ஏறும் படிகள், ரேஷன் கடை வரைக்கும் ஒற்றையடி அகலத்துக்கு ஒரு பாதை, இவ்வளவுதான் வெளிச்சத்தில் மிஞ்சியது. அது பனிமூட்டம் அல்ல. பனிமூட்டம் இந்த ஊருக்குப் பழக்கம். அதற்குள்ளேயே பெண் பார்த்து, அதற்குள்ளேயே கல்யாண ஊர்வலமும் போகிறவர்கள். இது கத்தரித்து வைத்தது மாதிரி விளிம்புள்ள கறுப்பு. டார்ச் அடித்தால் ஒளி விளிம்போடு நின்றது. கையை உள்ளே நீட்டித் தீக்குச்சி கிழித்த ஒருவர் விரலைச் சுட்டுக்கொண்டார், சுடரைப் பார்க்கவில்லை. எதிர்மலை ரோட்டில் மட்டும் அங்கங்கே தட்டு தட்டாக வெளிச்சம் கிடந்தது. ரமேஷ்குமார் பல வருடங்களாக பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒதுங்கிய இடங்கள் அவை என்பது பிறகு தெரிந்தது. உட்கார்ந்து போன பயணம் கணக்கில் சேரவில்லை.

முழங்கால் வரை ஏறும் கம்பூட்டு, மழைத்தாள், குல்லா, குடை விற்கிறவர் ரமேஷ்குமார். கடைக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர். தொண்ணூற்றொன்பதில் கோயம்புத்தூரில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுக்கு அவர் அரை நாள் பேரம் பேசியபோது, ஆளை விட்டால் போதும் என்று விற்றவன் கொசுறாகக் கொடுத்த சி.டி.யில் அந்த விளையாட்டு இருந்தது. ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம் ஊர் ஊராக நடக்கும். மேலிருந்து பருந்து பார்ப்பதுபோல் நாம் பார்க்கலாம். நடந்த இடம் தெரியும், நடக்காத இடம் கறுப்பு. அதன் பிறகு பளபளவென்று எத்தனையோ விளையாட்டுகள் வந்தன. எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிற விளையாட்டெல்லாம் மாப்பிள்ளைக்குச் சோறு ஊட்டி விடுகிற வேலை என்று அவற்றை அவர் தள்ளிவிட்டார். பழையதில் யாரும் வழி காட்டுவதில்லை. எதிரே வருகிறவனிடம் பேச்சுக் கொடுத்து, அவன் சொல்வதில் எது பொய் என்று மோந்து, நாமே கண்டுபிடிக்க வேண்டும். கடைக்காரனுக்கு இதைவிட ஏற்ற விளையாட்டு உண்டா? அதிலுள்ள வியாபாரிகள் பேரமே பேசாமல் எதையும் வாங்கிக்கொள்வது ஒன்றுதான் அவரால் இத்தனை வருடத்தில் நம்ப முடியாத விஷயம். டிராகனை நம்பிவிட்டார்.

அவருடைய ஆட்டத்துக்கு ஒரு முறை இருந்தது. வரைபடத்தில் ஒரு மூலைகூடக் கறுப்பாக விடமாட்டார். சுவர் ஓரமாகவே நடந்து, சந்து பொந்தெல்லாம் துலக்கி, தொலைந்த ஆட்டையும் திருடு போன மோதிரத்தையும் உரியவரிடம் சேர்த்து, எல்லாம் முடிந்த பிறகுதான் கடைசிக் கோட்டைக்குப் போவார். அங்கே ஒரு பெண் சிறைப்பட்டிருப்பாள். எத்தனை மாதம் கழித்துப் போனாலும் அதே இடத்தில், கலையாத தலையோடு நின்று, "நீ வருவாய் என்று எனக்குத் தெரியும்" என்பாள்.

ஆகவே கறுப்பைப் பார்த்து ஊரே அலறியபோது அவருக்கு மட்டும் அது தெரிந்த முகமாக இருந்தது. டீக்கடையை ஒட்டிய சந்தின் விளிம்பில் செருப்புக் காலை வைத்தார். ஆள் உயரத்துக்கு வட்டமாகக் கறுப்பு விலகி, ஒரு குழாயும் குழாயடியில் குடத்தைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணும் தெரிந்தார்கள். பயமாகத்தான் இருந்தது. அதற்கு மேலே, சொன்னால் வெட்கம், கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

அப்போதுதான் ரஞ்சனி போன் செய்தாள். அவருடைய மனைவி பள்ளத்து எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். பதினெட்டு வருடமாகக் காலை பஸ்ஸில் இறங்கிப் போய் மாலை பஸ்ஸில் ஏறி வருகிறவள். ஒரு நாளாவது அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

"ஏனுங்க, அங்கயும் கரண்ட் போயிருச்சா? இங்க சூரியனே போயிருச்சுங்க. பேஷண்டெல்லாம் என் சேலையப் புடிச்சிட்டு நிக்கறாங்க."

"பயப்படாத ரஞ்சனி. அதை எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியும். வந்துட்டே இருக்கேன்."

"எங்க இருக்கீங்க?"

"மாரியம்மன் கோயில் வீதி."

"அது எதிர்ப்பக்கமுங்க."

அது எதிர்ப்பக்கம்தான். ஆனால் வழியில் கறுப்பை மிச்சம் வைத்துவிட்டுப் போக இருபத்தைந்து வருடப் பழக்கம் விடவில்லை. ஊரும் விடவில்லை. எங்கள் வீட்டு வாசலில் ஒரு எட்டு, எங்கள் மாட்டுக் கொட்டாயில் ஒரு எட்டு என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுத்தார்கள். கறிவேப்பிலைகூடக் கடன் சொல்லி வாங்குகிற வடிவேல் பஜ்ஜியைத் தட்டோடு கொண்டுவந்து நீட்டி, "அண்ணா, எங்கூட்டுக் கொல்லப்பக்கம் கொஞ்சம் நடந்து குடுத்துருங்க, அம்மாவ காலைலருந்து காணம், சத்தம் மட்டும் கேக்குது" என்றான். ரமேஷ்குமார் நடந்து கொடுத்தார். அந்த அம்மா துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து மகனைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீடு துலங்கும்போதும் தன் கையில் வலு ஏறுவதாக அவருக்குப் பட்டது. விளையாட்டில் அப்படித்தான் ஏறும்.

மற்றவர்கள் நடந்தால் கறுப்பு விலகவில்லை. ஜீப் ஓட்டுகிற பெனிஸ் அதை நம்பவில்லை. "ஒரு ஆளு காலுக்கு மட்டும் வழிவிடறதுக்கு இது என்ன எம்.எல்.ஏ. வீட்டுக் கேட்டா?" என்று ஹெட்லைட்டைப் போட்டு உள்ளே செலுத்தினான். ஹாரன் முதலில் பக்கத்தில் கேட்டது, பிறகு கீழே பள்ளத்தில் கேட்டது, பிறகு எல்லோருடைய கால்களுக்கும் அடியில், தரைக்குள் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் முயற்சி செய்யவில்லை.

மறுநாள் ரஞ்சனியின் குரல் மெலிந்து வந்தது. சார்ஜ் போகிறது என்றாள். தொழிலாளர் குடியிருக்கும் எஸ்டேட் லைனில் ரேகா என்கிற பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது, தலைச்சன் பிள்ளை, லைனுக்குப் போக வேண்டும், தேயிலைக்குள் ஏதோ நடமாடுகிறது, இருட்டில் இறங்கக் கால் வரவில்லை என்றாள். "நீங்க வந்து முன்னால நடந்தா நான் பின்னால வந்துருவேனுங்க."

"ஒரே ஒரு தெருதான் பாக்கி. அங்கயே இரு."

 அதோடு அவளுடைய போன் அணைந்துவிட்டது. ரமேஷ்குமார் அந்த ஒரே ஒரு தெருவையும் முடித்தார். கடைசி வீட்டில் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே திரும்ப அழைத்தார். மணி அடிக்கவில்லை. கோட்டைப் பெண்ணைப்போல ரஞ்சனி காத்திருக்கும்படி யாரும் எழுதி வைக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டம்ளரைத் திண்டில் வைத்தார். தம்மால் ஓட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

பள்ளத்து எஸ்டேட்டுக்கு இறங்கும் ரோட்டில் வெளிச்சம் அவரைச் சுற்றிக் குடை அளவுக்குத்தான் இருந்தது. விளையாட்டில் இப்படி இடம் வந்தால் கூட்டத்திலுள்ள திருடனை முன்னால் அனுப்புவார். கதவு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆட்டத்தைச் சேமித்துக்கொள்வார், செத்தால் திரும்ப வரலாம். இப்போது முன்னால் அனுப்ப ஆள் இல்லை. வலது கைக் கட்டைவிரல் தானாகத் தொடையை அழுத்தி அழுத்திப் பார்த்தது, எதுவும் சேமிக்கப்படவில்லை. இடது பக்கம் யாரோ புல்லைப் பிடுங்கித் தின்னும் சத்தம் வந்தது. காட்டுமாடு என்று நினைத்தார், நினைக்கவே விரும்பினார். அவர் நடந்தால் அதுவும் நடந்தது, நின்றால் அதுவும் நின்றது. கறுப்புக்குள்ளிருந்து மூச்சு மட்டும் குடைக்குள் வந்தது, சூடாக, ஈரமாக, தேயிலை வாசனையோடு. காலுக்குக் கீழே எங்கோ பெனிஸின் ஜீப் மேட்டில் ஏறுவதுபோல் முனகியது. ரமேஷ்குமார் வாய்விட்டு ரஞ்சனியின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தார். எதிர்ப்பக்கம் நடந்து தீர்த்த தெருக்களை நினைத்து நினைத்துப் பல் கிட்டித்தது.

டிஸ்பென்சரி வாசலில் கால் வைத்ததும் பெஞ்சும் மருந்து அலமாரியும் ஆயா மூக்கம்மாவும் தெரிந்தார்கள். மூக்கம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"யாரது, ரஞ்சனியம்மா ஊட்டுக்காரரா? பதினெட்டு வருசமா பாக்கணும்னு இருந்தேன், பாத்தாச்சு. அந்த அம்மா வாசல்லயே நின்னு நின்னு பாத்தாங்க. அப்பறம் பெட்டியத் தூக்கிட்டு லைனுக்கு எறங்கிட்டாங்க."

"இருட்டுலயா?"

"இருட்டு என்ன பண்ணும், வந்து ஒரு நாளாச்சே, பழகிருச்சு. நீங்கதான் இன்னும் வரலை."

லைன் வீடுகள் பள்ளத்தில். அவர் இறங்க இறங்க முனகல் கேட்டது. பிறகு ரஞ்சனியின் குரல் அவருக்குத் தெரியாத ஒரு அதட்டலோடு கேட்டது, பிறகு குழந்தை அழுதது. லைனின் முதல் வீட்டு வாசல் விளிம்பில் அவர் நின்றார். குடை அளவு வெளிச்சத்தின் ஓரம் வாசற்படியைத் தொட்டது. உள்ளே கறுப்பு. கறுப்புக்குள் வெந்நீர் ஊற்றும் சத்தம், துணி கிழிக்கும் சத்தம். தடுமாற்றமே இல்லாத சத்தங்கள்.

"ரஞ்சனி, வந்துட்டேன்."

"நீங்க வருவீங்கன்னு நான் நெனைக்கலீங்க" என்றாள் உள்ளேயிருந்து, கோபம் இல்லாமல், மளிகைக் கடையில் சாமான் இல்லை என்று சொல்வதுபோல. அவர் காலைத் தூக்கினார். "உள்ள வெக்காதீங்க. கொழந்த கண்ணத் தெறந்தே பொறந்திருக்கு. வெளிச்சம் ஓரமா பட்டதுக்கே துடிக்குது. எங்களுக்கும் கண்ணு கூசுது. அங்கயே இருங்க, வேலைய முடிச்சிட்டு வரேன்."

தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்றார். பிறகு பின்னால் வைத்தார்.

அதற்குப் பிறகு மற்ற ஊர்களையெல்லாம் அவர் மெல்ல மெல்ல நடந்து முடித்தார். குந்தா, குன்னூர், ஊட்டி வரை எல்லாம் முன்போல ஆகிவிட்டது, வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பள்ளத்து லைன் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். இருட்டில் கொழுந்து எடுக்கிறார்கள், எடை குறைவதில்லை. ரேகாவின் மகள் காட்டுமாட்டின் கழுத்து மணி ஒன்றை வைத்து விளையாடுவதாகக் கேள்வி. காட்டுமாட்டுக்கு மணி கட்டியது யார் என்று யாரும் கேட்பதில்லை. பெனிஸின் ஜீப் இன்னும் ஓடுகிறது. டீசல் தீராத வண்டி என்று வடிவேலுக்கு அதன்மேல் பொறாமை.

ரஞ்சனி இப்போதும் காலை பஸ்ஸில்தான் லைனுக்குப் போகிறாள். லைன் வளைவு வந்ததும் கண்டக்டர் "இருட்டு, இருட்டு, இருட்டு இறங்கு" என்று விசில் ஊதுவார். மாலையில் ரமேஷ்குமார் கடையை அடைத்துவிட்டு, பிளாஸ்க்கில் டீயோடு அந்த வளைவுக்கு வந்து கல்லின்மேல் உட்காருவார். விளையாட்டில் இப்போது அவர் சந்து பொந்தெல்லாம் துலக்குவதில்லை, நேரே கோட்டைக்குப் போய்விடுகிறார் என்றாலும், அந்தப் பெண் அதே வரியைச் சொன்னதும் கம்ப்யூட்டரை அணைத்துவிடுகிறாராம். பஸ்ஸில் போகிறவர்கள் "காத்திருக்கீங்களாண்ணா?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்பார்கள். ஆமாம் என்பார். கறுப்புக்குள்ளிருந்து முதலில் மருந்துப் பெட்டி வரும், பிறகு கை, பிறகு கண்ணை முந்தானையால் மறைத்துக்கொண்டு அவள். பிரசவம் இருக்கிற நாட்களில் வெகு நேரம் ஆகும். அப்போது அவர் எழுந்து விளிம்பு வரை போவார், உள்ளே காது கொடுப்பார், திரும்பி வந்து கல்லின்மேல் உட்கார்ந்து கால் இரண்டையும் இருட்டில் படாதபடி இழுத்து மடக்கிக்கொள்வார்.