ஒரு தடவைதான் கூப்பிட்டான்

லட்சுமம்மாவுக்கு ஒரு குணம். யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வாள். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தாலும் சரி, தட்டில் இருப்பது தலைக்கறியாக இருந்தாலும் சரி, "இப்பதான் துன்னுட்டு வந்தேன்" என்பாள். இரண்டாம் தடவை கேட்டால் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "அட, எதுக்கு" என்பாள். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்தால்தான் உட்காருவாள். இது அவள் கண்டுபிடித்த வித்தை இல்லை. ஜோகுபாளையத்தில் மானமுள்ளவர்கள் எல்லாரும் அப்படித்தான். கூப்பிடுகிறவர்களுக்கும் அது தெரியும். ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால், அங்கே கூப்பிடவே இல்லை என்றுதான் அர்த்தம்.

"ஒரு வாட்டி கூப்ட்டதும் ஓடறது நாய்தான்டா" என்று மகன் ராஜேந்திரனுக்கு, அவன் அரைஞாண் கயிறோடு திரிந்த காலத்திலேயே சொல்லிக் கொடுத்தவள் அவள். அந்தப் பாடத்தை அவன் மறக்கவில்லை. மறந்திருந்தால் போகிறான் என்று விட்டுவிடலாம்.

புருஷன் கோவிந்தப்பா செத்த பிறகு, பிரேசர் டவுனில் ஒரு லாண்டரியில் இஸ்திரி போட்டே மகனை ஆளாக்கினாள் லட்சுமம்மா. கரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கி விரல் முட்டியெல்லாம் கோணிப் போயிற்று. ஒரு நாள் பெட்டி கைநழுவி யாரோ ஒரு கர்னலின் கோட்டில் விழுந்தது. கோட்டில் ஓட்டை விழுந்ததோ இல்லையோ, அன்றைக்கு அவள் பிழைப்பில் விழுந்தது. சம்பளம் நின்ற நாளிலிருந்து மருமகள் சரசு சோற்றைத் தட்டில் போடுகிற சத்தமே வேறாக இருந்தது. வீடென்று இருந்ததும் ஒற்றை அறை. ராஜேந்திரன், சரசு, மூன்று பிள்ளைகள், வயிற்றில் ஒன்று. கிழவி வாசற்படியில் தலையை உள்ளே வைத்துக் காலை வெளியே நீட்டிப் படுப்பாள். மழை வந்தால் கால் நனையும்.

அந்தச் சமயத்தில்தான் சீனிவாசராகவன் என்ற பெரிய மனிதர் திட்டம் போட்டார். மைசூர் ராஜாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். இன்னும் இருபது வருஷத்தில் ஊரில் கிழடு கட்டைகள் பெருகிவிடும், பிள்ளைகள் ஃபாக்டரி ஃபாக்டரியாக ஓடுவார்கள், இவர்களை யார் பார்ப்பது என்று அவருக்கு விசாரம். நியாயமான விசாரம்தான். யாருமே இல்லாத கிழவர் கிழவிகளுக்கு பிரேசர் டவுனில் ஒரு இல்லம். பெற்றவளைக் கூட வைத்துக் காப்பாற்றுகிற பிள்ளைக்கு, ஏழைகளுக்கென்று சர்க்கார் போர்டு கட்டப்போகும் புது வீடுகளில் கீழ்வீடு, அதுவும் முதல் வரிசையில். எலி நுழைய இடமில்லாமல் போட்ட திட்டம். மனிதன் நுழைந்துவிடுவான் என்று அவர் நினைக்கவில்லை, பாவம்.

இல்லம் முதலில் திறந்துவிட்டது. வீடுகள் அஸ்திவாரத்திலேயே நின்றன.

"ரெண்டு வேளை சோறு, இரும்புக் கட்டில், டாக்டரே வந்து பாக்கறாராம் அத்தே" என்றாள் சரசு. "புள்ளைங்க இல்லாதவங்கள மட்டும்தான் சேத்துக்கறாங்க. அது ஒண்ணுதான்."

"நான் இன்னா புள்ளை இல்லாதவளா?"

"சும்மா வாய் வார்த்தைம்மா" என்றான் ராஜேந்திரன். "போர்டு வீடு கெடைக்கறவரைக்கும்தான். கெடச்சதும் வந்து கூட்டிக்கினு வந்துடறேன்." சத்தியமும் செய்தான். கையை வைத்தது அவள் தலையில், தன் தலையில் இல்லை.

அவள் மாட்டேன் என்றாள். மறுபடி கேட்டான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதுக்குடா என்றாள். மூன்றாம் தடவை அவள் கையையே பிடித்துக்கொண்டு கேட்டான். போகச் சொல்வதற்கு மட்டும் மூன்று தடவை கேட்கத் தெரிந்திருந்தது அவனுக்கு.

இல்லத்துக் கமிட்டி முன்னால் லட்சுமம்மாவைக் கொண்டு நிறுத்தியதும் அவனேதான். அல்சூர் மார்க்கெட்டில் கிடந்தாள், பார்க்கச் சகிக்கவில்லை, கூட்டிக்கொண்டு வந்தேன் என்று சொல்லிவிட்டு, யாரோ எவரோ போலக் கதவோரம் நின்றுகொண்டான்.

"உனக்குன்னு ஒருத்தரும் இல்லையாம்மா? பிள்ளை, பெண்?" என்று சீனிவாசராகவன் கனிவாகத்தான் கேட்டார்.

"ஒருத்தன் இருந்தான் சாமி. பெரியம்மையில போயிட்டான்."

பெற்ற வாயால் சொன்னாள். சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை. அவர்கள் கொடுத்த கட்டிலுக்குப் போகும் முன் குழாயடியில் நின்று வாயைக் கொப்பளித்து மூன்று தரம் துப்பினாள், சொன்ன சொல் பலித்துவிடக் கூடாதே என்று.

பக்கத்துக் கட்டில் பாஞ்சாலி. அவள் நிஜமாகவே ஒருத்தரும் இல்லாதவள். அல்சூரில் கறிக்கடை கழுவிப் பிழைத்தவள். சோற்று மணி அடிப்பதற்கு முன்பே தட்டோடு நிற்பாள். மேட்ரன் பிரிஜெட் "யாருக்காச்சும் இன்னும் வேணுமா" என்று வாயெடுப்பதற்குள் தட்டு நீளும். மானங்கெட்டவள் என்று லட்சுமம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் பேச வேறு யார் இருக்கிறார்கள்? மனசு பொறுக்காமல் ஒரு நாள் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டாள். மகன் உயிரோடு இருப்பதையும், வீடு கிடைத்ததும் வருவான் என்பதையும்.

முதலில் ராஜேந்திரன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். வெளியாள் மாதிரி இரண்டு வாழைப்பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போவான். பிறகு அதுவும் நின்றது. வீடு வந்தால் வருவான் என்று லட்சுமம்மா காத்திருந்தாள். அவள் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தையில்தான்.

வீடு வந்தது. அவனும் வந்தான், வெளுத்த சட்டையும் படிய வாரிய தலையுமாக. நேரே பிரிஜெட்டிடம் போனான்.

"எனக்கு அம்மா இல்ல மேடம். இங்க இருக்கற ஒருத்தங்கள அம்மாவா கூட்டிக்கினு போயி வெச்சு காப்பாத்தணும்னு ஆசை."

பிரிஜெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "உன்னை மாதிரி இன்னும் பத்து பேர் இருந்தா இந்த இல்லத்தையே மூடிடலாம்ப்பா" என்று அவளே வார்டுக்குள் அழைத்து வந்தாள்.

அவன் லட்சுமம்மாவின் கட்டிலருகே நின்றான். "நீங்க வர்றீங்களாம்மா?" என்று கேட்டான்.

நீங்க. பிறந்ததிலிருந்து அவளை நீ, வா, போ என்று மட்டுமே கூப்பிட்டவன். மேட்ரனுக்காகச் சொல்கிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. அந்த நேரத்தில் அவள் வாய் என்ன செய்தது? அறுபது வருஷமாகப் பழகினதைச் செய்தது.

"நான் எதுக்குப்பா. எங்க கெடந்தா இன்னா" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தாள்.

"சரிம்மா" என்றான் ராஜேந்திரன். "பெரியவங்கள கட்டாயப்படுத்தக் கூடாது மேடம்."

"நான் வர்றேன்ப்பா" என்றாள் பாஞ்சாலி. கால் இரண்டும் ஏற்கெனவே தரையில் இருந்தன.

லட்சுமம்மா நிமிர்ந்தபோது பாஞ்சாலி மூட்டையோடு வார்டு வாசலில் நின்றாள். இல்லை, நான்தான் வருகிறேன் என்று சொல்ல எழுந்தாள். நான்தான் அவனைப் பெற்றவள் என்று கத்தினால் என்ன ஆகும்? இல்லத்திலிருந்து இவளைத் துரத்துவார்கள், போர்டு அவனைத் துரத்தும், பேரப் பிள்ளைகள் தெருவில் நிற்கும். பெற்ற மனம் பித்து. மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

சரசு போட்ட கணக்கு இதுதான்: மாமியார் வந்தால் போகமாட்டாள், மாமியாராகவும் இருப்பாள். இரவல் கிழவி என்றால், தாய் வீட்டில் இருக்கிறாளா என்று போர்டு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடலாம். கணக்கெல்லாம் சரிதான். பாஞ்சாலியை மட்டும் அவளுக்குத் தெரியாது.

கொஞ்ச நாள் கழித்து பாஞ்சாலியே இல்லத்துக்கு வந்தாள், சும்மா பார்த்துவிட்டுப் போக. புதுச் சேலை. வாய் நிறைய வெற்றிலை. கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"இன்ஸ்பெக்டரு போனதும் மூட்டைய கட்டுன்னா உன் மருமவ" என்று கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னாள். "கட்றேன்டி, கட்டிக்கினு நேரா போர்டு ஆபீசுக்குப் போறேன், நான் இவன் ஆத்தாளே இல்லன்னு சொல்றேன்னேன். அவ்ளோதான். அன்னிலேந்து ராஜ உபசாரம். மீனு இல்லாம சோறு எறங்காதுன்னா மீனு. உன் புள்ளை ராத்திரி காலு புடிச்சு வுடறான். நல்ல கை அவனுக்கு."

லட்சுமம்மாவின் காலை அவன் எந்தக் காலத்திலும் தொட்டதில்லை.

"அவன் யாருன்னு தெரிஞ்சேதான போன?"

"தெரியாம இன்னா. நீதான வேணாம்ன? நான் வேணாம்னு சொல்லல."

வெட்கத்தை விட்டுக் கேட்டாள் லட்சுமம்மா. "என்னப் பத்தி எதுனா கேட்டானா?"

பாஞ்சாலி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டாள். "நீ யாரு அங்க? அங்க லட்சுமம்மா நான்தான்." பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "இந்தா, துன்னு."

"வேணாம்."

"சரி" என்று பாஞ்சாலி பொட்டலத்தைப் பையிலேயே போட்டுக்கொண்டாள்.

இல்லத்தின் ஆண்டு விழாவுக்கு சீனிவாசராகவன் வந்து பேசினார். போர்டு கணக்கில் பாஞ்சாலிதான் அவனைப் பெற்ற லட்சுமம்மா என்பது அவருக்குத் தெரியாது. யாருமற்ற ஒரு கிழவியைத் தாயாக ஏற்றுக்கொண்ட ஏழைத் தொழிலாளி இந்த ஊரில்தான் இருக்கிறான், என் திட்டத்துக்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. எல்லாரும் கை தட்டினார்கள். லட்சுமம்மாவும் தட்டினாள். கோணிய விரலில் சத்தம் வரவில்லை.

மழைக்காலத்தில் பாஞ்சாலி செத்துப்போனாள். ஜுரம், இரண்டே நாள். பிரிஜெட் வார்டில் வந்து சொன்னபோது சில கிழவிகள் அழுதார்கள். லட்சுமம்மா அழவில்லை. பொய் சொல்வானேன், சந்தோஷப்பட்டாள். அந்த வீட்டில் ஒரு கிழவியின் இடம் காலியாகிவிட்டது. இனி அவனுக்கு என்ன பயம், யாருடைய மிரட்டல்? தாய் வேண்டுமென்றால் பெற்ற தாய் இருக்கிறாள். புடவை இரண்டு, ஒரு சீப்பு, கோவிந்தப்பாவின் வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்தாள். இந்தத் தடவை மானம் பார்க்கப் போவதில்லை. அவன் வாயைத் திறந்ததும் சொல்லிவிட வேண்டும். தனியாக இருக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்: "வர்றேன்ப்பா. வர்றேன்ப்பா." நாய் என்றால் நாயாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் வந்தான். ஜட்காவில், சரசுவோடு, சோற்று அண்டாவும் பாயசத் தூக்குகளுமாக. தலையை மொட்டையடித்திருந்தான்.

"அம்மா காரியத்துக்கு நம்ம எல்லாருக்கும் சாப்பாடு போடுறார்" என்று பிரிஜெட் அறிவித்தாள். "தன்னைப் பெத்த அம்மா பேரையே பாஞ்சாலிக்கு வெச்சுக் கூப்ட்டாராம். லட்சுமம்மா, உன் பேருதான் அந்தம்மாவுக்கும். லட்சுமம்மா ஆத்மா சாந்தியடையணும்னு எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ண மூடுங்க."

எல்லாரும் மூடினார்கள். லட்சுமம்மா மூடவில்லை. அந்த மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்காகத்தான் மகன் அப்படி மழித்துக்கொள்வான். ஒருத்தனுக்கு ஒரு தாய். அவள் செத்தாயிற்று, கல்பள்ளி மயானத்தில் புதைத்தும் ஆயிற்று. இனி எந்த வாயால் அவன் அம்மா என்று ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போவான்? அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் அவன் வரிசையில் பரிமாறிக்கொண்டு ஒவ்வொரு இலையாகக் கிட்டே வரவர, சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது.

அவள் இலைக்கு முன்னால் குனிந்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"பாயசம் ஊத்தட்டுமாம்மா?"

"வர்றேன்ப்பா" என்றாள் லட்சுமம்மா.

கரண்டி அப்படியே நின்றது. அவன் மெல்லத் திரும்பி மேட்ரன் எங்கே என்று பார்த்தான். அவள் தூரத்தில் இருந்தாள். ஒரு கரண்டி பாயசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தான்.

அடுத்த இலை ஒரு புதுக் கிழவியுடையது. வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. "எனக்கு வேணாம்ப்பா" என்று இலைக்கு மேலே கையை வைத்து மறைத்தாள்.

"அப்டி சொல்லக் கூடாதும்மா" என்றான் ராஜேந்திரன். "எங்கம்மா பேருல போடறது. கொஞ்சம் வாங்கிக்கங்க."

"அட, எதுக்குப்பா."

"எனக்காக ஒரே ஒரு கரண்டி" என்று அந்தக் கிழவியின் கையைப் பிடித்து மெதுவாக விலக்கி ஊற்றினான்.

லட்சுமம்மா பாயசத்தை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள். சாவுச் சோறு சாப்பிட்டால் இலையைத் தன் பக்கம் மடிக்கக் கூடாது, எதிர்ப்பக்கமாகத்தான் மடிக்க வேண்டும். அப்படியே மடித்துவிட்டு, கை கழுவ எழுந்து போனாள்.