நாற்பது வண்டுகளுக்கு ஒரு பகடை

போன ஞாயிற்றுக்கிழமை மானம் கப்பலேறியதை அக்காவால் மறக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கும் அவள், வாரம் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கதை விளையாட்டு நடத்துவாள். கதை சொல்வதும் அரக்கர்களை ஆட்டுவிப்பதும் அவள் பொறுப்பு. பூட்டு ரிப்பேர் செய்யும் கணவனும் பஸ் ஓட்டும் தங்கையும் வீரர்கள். அடி விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். அன்று நாற்பது வண்டுகளை அவிழ்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பகடை உருட்டினாள். பதினேழாவது வண்டு கடிப்பதற்குள் கணவன் குறட்டை விட்டான். தங்கை துணி மடிக்கப் போய்விட்டாள்.

வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. படமெடுக்க நின்றவரிடம் "மூச்சை அடக்குங்க" என்றவள், "விடுங்க" என்று சொல்ல மறந்துபோனாள்.

இந்த ஞாயிறு மதியம் நோட்டும் கையுமாக உட்கார்ந்தாள்.

"இனிமே நாப்பது வண்டும் சேர்ந்து ஒரே பிராணி. ஒரே உயிர்க்கணக்கு, ஒரே பகடை. மேல ஏறும், சட்டைக்குள்ள பூந்துக்கும். கத்தி பாதிதான் வேலை செய்யும். நெருப்பு முழுசா."

"என் கத்தி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் கணவன்.

"கொசுவைக் கோடாலியால வெட்டிப் பாருங்க, தெரியும்."

குகைக்குள் நுழைந்ததுமே வண்டுகள் அவனுடைய வாள்வீரனை மூடிக்கொண்டன. வெட்டினான், பாதி. மறுபடி வெட்டினான், அதிலும் பாதி. அவனுடைய வீரனின் உயிர்க்கணக்கு மட்டும் மளமளவென்று இறங்கியது. நாற்காலியில் எழுவதும் உட்காருவதுமாக இருந்தான்.

"நீ ஓடிடு," என்றான் தங்கையிடம். "வழக்கமா அதைத்தானே செய்வே?"

உண்மைதான். விளையாட்டில் தங்கை ஏற்றிருந்த திருடி வேஷம் இரண்டு வருஷமாக ஒரு கீறல்கூடப் படாமல் ஓடித் தப்பி வந்தது. தங்கை நகத்தைக் கடித்தாள்.

"தேன் குப்பியை என் மேல உடைச்சுக்கறேன். விளக்கு எண்ணெயையும் ஊத்திக்கறேன். வண்டு என்கிட்ட வந்ததும் பத்தவைக்கறேன்."

"ஏய், நீயும் சேர்ந்து எரிவேடி!" என்றாள் அக்கா.

"தெரியும், உருட்டு."

கூட்டம் தாவியது. தீ பிடித்தது. வண்டுகள் கூண்டோடு கருகின. திருடி பிழைக்க, இருபது முகப் பகடையில் பத்துக்குக் குறையாமல் விழ வேண்டும். மற்றவர்கள் பார்க்காதபடி தன் முன்னால் நிறுத்தியிருந்த அட்டைக்குப் பின்னால் அக்கா உருட்டினாள். இரண்டு.

தங்கை அதைப் பார்க்க முடியாது. அக்காவின் விரல் பகடையைத் தொட்டது. லேசாகப் புரட்டினால் போதும்.

"அக்கா, அட்டையை எடு."

"எதுக்குடி?"

"எடு. இந்த ஒரு தடவைதான் ஓடாம நின்னிருக்கேன். அதுலயும் ஏமாத்தாதே."

அக்கா அட்டையை எடுத்தாள். மூவரும் அந்த இரண்டைப் பார்த்தார்கள். திருடி செத்துப்போனாள். கணவன் ஜன்னல்வரை போய்த் திரும்பினான்.

"வேற ஆளை உருவாக்கிக்கம்மா, இப்பவே," என்றான்.

"இன்னிக்கு வேணாம் மாமா."

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கினாள். அக்காவும் பின்னாலேயே ஓடினாள். இரண்டு தெரு சுற்றினார்கள்.

"வண்டு ஒண்ணுகூட மிஞ்சலைல்ல?"

"ஒண்ணுகூட இல்லடி."

"மாமாவோட ஆள்?"

"உயிர்க்கணக்குல மூணு பாக்கி. பிழைச்சுட்டான்."

"சரி," என்றாள் தங்கை. அவள் நடை மட்டும் வேகம் குறையவில்லை. மூச்சு வாங்க அக்காவும் கூடவே போனாள்.