அவித்த நெல்லும் ஐந்து பாடங்களும்

பூதலூர்ப் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கும் மரியபுஷ்பம் டீச்சருக்கு ஒரே ஆசைதான்: தன் பெயரை ஒரு தடவையாவது அச்சில் பார்த்துவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் வந்தது கணக்கில் சேராது. அது அப்பா செலவில் வந்தது.

தொண்ணூற்று நான்காம் வருஷம் அதற்கு ஒரு சுற்றறிக்கை வழிவிட்டது. பல பாடங்களை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் புது யோசனைகளை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். நல்லதை ஆசிரியர் கையேட்டில் பெயரோடு அச்சிடுவார்கள்.

டீச்சரின் யோசனைக்கு ஒரு தகரத் தட்டும் ஒரு பிடி நெல்லும் போதும். முளைப்பதைப் பார்த்தால் அறிவியல். தினமும் ஸ்கேல் வைத்து அளந்தால் கணக்கு. வரைந்தால் ஓவியம். மேட்டூரில் திறந்த தண்ணீர் தட்டுவரை வந்த வழியை வரைபடத்தில் தேடினால் சமூகவியல். நாற்று வளர்ந்த கதையைச் சவூதியில் இருக்கும் அத்தாவுக்குக் கடிதமாக எழுதினால் தமிழ். வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பா அங்கேதான். ஊரின் மீதிப் பிள்ளைகளை இங்கிலீஷ் நர்சரி வேன் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

இதையெல்லாம் எழுதிய பாடக்குறிப்பு நோட்டைத் தலைமையாசிரியர் குழந்தைராஜிடம் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே பங்குக் கோயில்; அவள் மகள் ஜாய்ஸுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்றவர் அவர்தான். மெட்ராஸில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் ஒரு சூட்கேஸும் 'இன்டகிரேட்டட்' என்ற சொல்லும் கொண்டு வந்திருந்தார். சூட்கேஸை எப்போதாவது கீழே வைப்பார்.

"பிரமாதம் தங்கச்சி! இன்டகிரேட்டட்னா இதான். நம்ம பள்ளிக்கூடத்தையே உலகம் திரும்பிப் பாக்கப் போவுது."

மறுநாளே உலகம் திரும்பியது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் வேலைக்கு மரியபுஷ்பத்தின் பெயரை அவரே எழுதி அனுப்பிவிட்டார். ஒரத்தநாட்டுப் பக்கம் பத்து நாள்.

"என்னங்கண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? பாடத்தை யாரு நடத்துறது?"

"கவர்மென்ட் ஆர்டர்மா. நான் எதுக்கு இருக்கேன்? நீ வர்றப்ப நாத்து உன்னை வாங்கன்னு கூப்பிடும் பாரு."

பதினோராம் நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வகுப்புக்கு ஓடினாள். அதிகாரி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். சுவரில் வண்ண வண்ணமாகப் பெரிய அட்டை. அதன் அடியில்: 'ஆக்கம்: குழந்தைராஜ், தலைமையாசிரியர்.'

எட்டிப் பார்த்தாள். தட்டில் சேறு மட்டும் இருந்தது.

அதிகாரி, ஷமா என்ற சிறுமியின் நோட்டை வாசித்துக்கொண்டிருந்தார். "மூன்றாம் நாள், வெள்ளை முளை தெரிகிறது. ஒன்பதாம் நாள், நாற்று ஒரு விரல் உயரம்..." கண்ணாடியைக் கழற்றினார். "நோட்டுல நல்லா வளந்திருக்கு. தட்டுல எங்கம்மா?"

"தட்டுல வரலைங்க சார். பெரிய சார் போர்டுல எழுதிப் போட்டாங்க, நாங்க பாத்து எழுதுனோம். எங்க அத்தாவுக்கும் நாத்து வளந்துருச்சுன்னு லெட்டர் போட்டாச்சு."

குழந்தைராஜ் கைக்குட்டையை எடுத்தார். மரியபுஷ்பம் சேற்றிலிருந்து ஒரு நெல்லை எடுத்து நகத்தால் உமியைக் கீறினாள். உள்ளே அரிசி மங்கலான கண்ணாடிபோல இருந்தது.

"ஐயா, இது அவிச்ச நெல்லுங்க. சோத்துக்கு ஆவும், முளைக்காது. நெல்லு எங்கேர்ந்துண்ணே எடுத்தீங்க?"

"எங்க வீட்டு நெல்லு! சொந்த வயல்ல வெளஞ்சது!"

"மில்லுக்குக் குடுக்க அண்ணி அவிச்சுக் காயவச்ச மூட்டையா?"

சொந்த வயலைப் பதினைந்து வருஷமாகக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோகும் குழந்தைராஜ் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு சூட்கேஸைத் திறந்து மரியபுஷ்பத்தின் நோட்டை எடுத்து, இரண்டு கையாலும் அதிகாரியிடம் நீட்டினார்.

"உண்மையைச் சொல்லிடறேங்க. இது முழுக்க முழுக்க இந்த டீச்சரோட யோசனை. அட்டையில என் பேரை பசங்க மரியாதைக்காக எழுதிட்டாங்க. நீங்களே பாருங்க, நெல்லை அவிக்கக் கூடாதுன்னு இதுல ஒரு இடத்துலயாவது எழுதியிருக்காங்களா?"

அதிகாரி கடைசிப் பக்கம்வரை தேடினார். எழுதியிருக்கவில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் அதை எழுதிவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"முக்கியமான விஷயமாச்சேம்மா. விட்டுட்டீங்களே," என்றார் அதிகாரி, குறித்துக்கொண்டே.

"ஐயா, நான் இங்க இல்லவே இல்லீங்க. பத்து நாளா..."

"இல்லாதப்பவும் பாடம் நடக்கணும்மா. அதுக்குத்தானே பாடக்குறிப்பு?"

"ஞானத்தகப்பன்னா இப்படித்தான் இருக்கணும்ண்ணே," என்றாள், குழந்தைராஜுக்கு மட்டும் கேட்கும்படி. அவர் அப்போது அதிகாரிக்கு இளநீர் வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தை மாதம் கையேடு வந்தது. குழந்தைராஜே பிரித்துக்கொண்டு வந்தார்.

"பாத்தியா தங்கச்சி, பேரு அச்சுல வந்துருச்சு! அண்ணன் சொன்னேன்ல?"

'தவிர்க்க வேண்டிய பிழைகள்' என்ற பகுதியில் முதலாவதாக இருந்தது: 'நெல்லை அவிக்கக் கூடாது எனக் குறிப்பிடத் தவறிய ஆசிரியை மரியபுஷ்பம்.' முன்னுரையில், பிழையை நேர்மையாக வெளிக்கொணர்ந்த தலைமையாசிரியருக்கு நன்றி.

"என் நோட்டைக் குடுங்க சார்," என்றாள். பதினோரு வருஷத்தில் பள்ளிக்கூடத்துக்குள் அவரை அவள் சார் என்றது அன்றுதான் முதல் தடவை.

வாங்கிய நோட்டின் முதல் பக்கத்தில், 'நெல்லை அவிக்கக் கூடாது' என்று எழுதினாள். அதற்குக் கீழே, 'யாரிடமும் கொடுக்கக் கூடாது' என்று எழுதி, தன் பெயரைப் பேனாவால் இரண்டு தடவை அழுத்திப் போட்டாள்.